பெயர் முந்தியதா, வீடு முந்தியதா

செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர்களுக்குப் பட்டா என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. ஒரு மனையில் கூரை போட்டு, அடுப்பு மூட்டி, பிள்ளைகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்து முப்பது வருடம் வாழ்ந்துவிடலாம். தாலுகா அலுவலகத்தில் அந்த மனை யார் பெயரில் நிற்கிறது என்பது தனிக்கதை. குடியிருப்பது ஒன்று, உடைமை வேறொன்று. இந்த வேறுபாட்டைக் கணிப்பொறி பற்றிய கட்டுரையின் தொடக்கத்தில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கும் முன் ஒரு புயல் வந்த வாரத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு வழங்கிக்குள் இதே சிக்கலை நானும் என் சகோதரி மகளும் சந்தித்தோம். அதற்குப் பிறகு பட்டா என்ற சொல்லையும் 'பயனர்' என்ற சொல்லையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

சர்வர் என்றால் ஓட்டலில் இலை போட்டுத் தண்ணீர் வைப்பவர் என்று அறிந்து வளர்ந்த தலைமுறை என்னுடையது. இப்போது அதே சொல் எங்கோ ஓர் அறையில் இரவு பகலாக விழித்திருக்கும் கணிப்பொறியைக் குறிக்கிறது. தமிழில் அதற்கு வழங்கி என்று பெயர் வைத்தவர் யாரோ, அவருக்கு நல்ல காது. அந்த வழங்கிகள் மேகத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள். மேகமாவது ஒன்றாவது. சிறுசேரி சிப்காட் வளாகத்துக்குப் போனால் அப்படிப்பட்ட தரவு மையங்களைக் கண்ணால் பார்க்கலாம்: கட்டடம், குளிரூட்டி, டீசல் இயந்திரம், வாசலில் காவலாளி. சிங்கப்பூரிலிருந்து வரும் கடலடிக் கம்பிகள் சென்னையில் கரையேறுகின்றன. மேகம் என்பது நமக்குச் சொந்தமில்லாத, நாம் நேரில் பார்க்காத கணிப்பொறி என்பதற்கு வைத்த செல்லப்பெயர்.

அமேசான் நிறுவனம் 2006 ஆகஸ்டில் இந்த வாடகை முறையைச் சோதனையாகத் தொடங்கியது. பெரிய கணிப்பொறி ஒன்றை மென்பொருளால் பல துண்டுகளாகப் பகுத்து, ஒவ்வொரு துண்டையும் தனி வழங்கியாக மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவது. கேட்ட ஓரிரு நிமிடத்தில் புது வழங்கி பிறந்துவிடும். வேண்டாம் என்றால் அழித்துவிடலாம். இப்படிப் பிறக்கும் எல்லா வழங்கிகளும் ஒரே அச்சிலிருந்து வார்க்கப்படுபவை. அச்சில் இயங்குதளம் இருக்கும்; யாருடைய பெயரும் இருக்காது. ஒரே அச்சு ஆயிரம் பேருக்குப் போகிறது என்றால் அதில் ஒருவர் பெயரையும் கடவுச்சொல்லையும் பொறித்துவைக்க முடியாதல்லவா?

ஆகவே பிறந்த கணத்தில் அது தன்னைப் பற்றி யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வேலையைச் செய்யும் நிரலியின் பெயர் கிளவுட்-இனிட். 2000களின் பிற்பகுதியில் உபுண்டு இயங்குதளத்தை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனத்தில் ஈசி2-இனிட் என்ற பெயரில் தொடங்கி, ஸ்காட் மோசர் முதலியவர்கள் கையில் வளர்ந்து, இன்று ஏறத்தாழ எல்லா லினக்ஸ் வழங்கிகளிலும் குடிகொண்டிருக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் அது பெரும்பாலான மேகங்களில் 169.254.169.254 என்ற முகவரியைத் தட்டிக் கேட்கிறது. வெளியுலகுக்கு வழியில்லாத முகவரி அது. அந்த வளாகத்துக்குள் மட்டுமே செல்லுபடியாகும். கேள்வி ரமணரின் கேள்வியேதான்: நான் யார்? ரமணர் போலன்றி இதற்கு நொடிக்குள் பதில் வந்துவிடுகிறது. உன் எண் இது, உன் பெயர் இது, உன்னிடம் நுழைய உரிமையுள்ளவர்களின் சாவி இது, நீ செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல் இது.

அந்தப் பட்டியலில் முக்கியமான ஒன்று பயனரை உருவாக்குவது. சொல்லும்போது ஒரு வேலை போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று வேலைகள். ஒருவருக்குப் பெயர் தருவது. அவர் பெயரில் ஒரு வீடு, அதாவது அவருக்கான கோப்புறை, அமைப்பது. அந்த வீட்டில் எழுதவும் மாற்றவும் அவருக்கு உரிமை தருவது. பெயர், வீடு, உரிமை. மூன்றும் சேர்ந்தே வரும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பெரும்பாலும் அப்படித்தான் வருகின்றன.

*

நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு சிறு பணியைச் செய்துவந்தோம். ஐதராபாதில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையம் வெளியிடும் அலை முன்னறிவிப்பையும் வானிலைத் துறையின் காற்று எச்சரிக்கையையும் எடுத்து, கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை உள்ள மீனவக் குப்பங்களில் பதிவு செய்துகொண்டவர்களின் தொலைபேசிக்கு எளிய தமிழில் குரல் சேதியாக அனுப்புவது. அரசின் அறிவிப்பு வேறு வழிகளிலும் அவர்களை எட்டும். எங்கள் சேதி அந்தந்தக் குப்பத்துக்கு ஏற்றதாக, இத்தனை மணிக்குள் படகை மேலேற்றுங்கள் என்ற அளவில் குறிப்பாக இருக்கும். அவ்வளவுதான் வேறுபாடு. கடற்கரையில் அந்த வேறுபாட்டுக்கு விலை உண்டு.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் உருவானது. 9-ஆம் தேதி நள்ளிரவையொட்டி அது மாமல்லபுரம் அருகே கரை கடந்தது என்பது பின்னர் தெரிந்த செய்தி. 8-ஆம் தேதி வியாழக்கிழமை காலையில் எங்களுக்குத் தெரிந்திருந்தது ஒன்றுதான்: புயல் நம் பக்கம் வருகிறது, எங்கள் பழைய வழங்கியால் அத்தனை சேதிகளை வேகமாக அனுப்ப முடியாது. இன்னொன்றை எழுப்பவேண்டும். வாடகைக்கு விட்ட நிறுவனம் பழைய அச்சை விலக்கிக்கொண்டிருந்ததால் உபுண்டுவின் 2022 ஏப்ரல் பதிப்பின் புத்தம்புதிய அச்சில்தான் எழுப்ப முடிந்தது. செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல் கைவசம் இருந்தது. குழுவில் முன்பு இருந்த ஒருவர் எழுதியது. அவர் வெளிநாடு போய்ப் பல காலம் ஆயிற்று. இரண்டு ஆண்டுகளாகச் சிறு பிசகும் இல்லாமல் ஓடிய பட்டியல்.

வழங்கி எழுந்தது. மகேந்திரா சிட்டியில் ஒரு நிறுவனத்தில் இதே வேலையைச் சம்பளத்துக்குச் செய்யும் என் சகோதரி மகள் அன்று விடுப்பெடுத்து என் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள்தான் முதலில் சொன்னாள்.

"மாமா, உள்ள போக முடியுது. ஆனா உள்ள போய் ஒண்ணுமே செய்ய முடியல."

சேதி அனுப்பும் நிரலியை இயக்குவதற்கென்று 'கரை' என்ற பயனர் பெயரைப் பட்டியல் உருவாக்கும். கரை உருவாகியிருந்தது. சாவியைக் காட்டினால் கதவு திறந்தது. கரையின் வீடும் இருந்த இடத்தில் இருந்தது. ஆனால் அந்த வீட்டுக்குள் கரையால் ஒரு வெற்றுக் கோப்பைக்கூட உருவாக்க முடியவில்லை. அனுமதி மறுக்கப்பட்டது என்ற ஒரே பதில். நிரலி எழுந்து, தன் குறிப்பேட்டைத் திறக்க முயன்று, முடியாமல் விழுந்து, மீண்டும் எழுந்து விழுந்துகொண்டிருந்தது.

மூன்று மணிக்கு வடக்குப் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து தொலைபேசி வந்தது. அங்கே எங்களுக்குத் தொடர்பாக இருந்த பெரியவர். என்னைவிட மூத்தவர் என்றாலும் சார் என்றுதான் கூப்பிடுவார். எவ்வளவு சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை.

"சார், ஒங்க சேதி இன்னும் வர்ல. டிராக்டரு ஒண்ணுதான் கீது. எந்த போட்ட மொதல்ல ஏத்தறதுன்னு இங்க ஒரே சண்ட. இன்னிக்கி ராத்திரியா, நாளிக்கா? அத்தச் சொன்னீங்கன்னா போதும்."

"நாளைக்கு ராத்திரின்னுதாங்க தெரியுது. ஆனா தண்ணி இன்னிக்கே ஏறும். கீழண்ட நிக்கறத மொதல்ல ஏத்திடுங்க."

அவருக்கு நான் வாயால் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்கு யார் சொல்வது?

கரையின் வீட்டைப் பட்டியலிட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு கோப்பின் அருகிலும் அதன் உடையவர் பெயரை லினக்ஸ் எழுதிக்காட்டும். வீட்டின் உடையவர் ரூட் என்று இருந்தது. ரூட் என்பது எல்லா உரிமையும் கொண்ட தலைமைப் பயனர். நாங்கள் விளையாட்டாக மூலவர் என்போம். உள்ளே இருந்த அமைப்புக் கோப்பின் உடையவரும் மூலவரே. மூலவர் தவிர வேறெவரும் படிக்க முடியாதபடி அது பூட்டியிருந்தது. வீடு கட்டியாயிற்று, ஆளும் குடிவந்தாயிற்று, பட்டா மட்டும் வேறொருவர் பெயரில்.

"யார் மாத்தினாங்க?" என்றேன்.

"யாரும் மாத்தல மாமா. பொறக்கறப்பவே இப்படித்தான் பொறந்திருக்கு."

அச்சோடு வரும் இயல்பான பயனருக்கு மூலவரின் அதிகாரத்தை இரவல் வாங்கும் உரிமை உண்டு. அவர் வழியாக நுழைந்து உடைமையை மாற்றும் ஆணையைக் கொடுத்தாள். நிரலி எழுந்தது, உடனே தொலைபேசி எண்கள் அடங்கிய கோப்பு எங்கே என்று கேட்டு மறுபடி விழுந்தது. அந்தக் கோப்பு எழுதப்படவே இல்லை. பழைய வழங்கியிலிருந்து அதைக் கையால் கொண்டுவந்து வைத்தோம். நாலரை மணிக்கு முதல் சேதி போயிற்று.

*

புயல் கடந்து, மரங்களை அகற்றி, மின்சாரம் வந்த பிறகு, ஏன் என்று பார்க்க உட்கார்ந்தோம். பிழையைச் சரிசெய்வது ஒன்று, பிழையின் காரணத்தை அறிவது வேறொன்று. அவசரத்தில் நாம் முன்னதைச் செய்கிறோம்; பின்னதைச் செய்யாவிட்டால் அடுத்த அவசரத்தில் அதே வாசலில் நிற்போம்.

கிளவுட்-இனிட் தன் செயல்களை ஒரு பதிவேட்டில் வரிசையாக எழுதிவைக்கும். படிக்கச் சலிப்பூட்டும் உரைநடைதான். ஆனால் அதில் வரிசைதான் பொருள். கோப்புகளை எழுதும் வேலை முதலில் வருகிறது, பயனரை உருவாக்கும் வேலை அதற்குப் பின் வருகிறது என்பதை அங்கே கண்டோம். நாம் பட்டியலில் பயனரை மேலேயும் கோப்புகளைக் கீழேயும் எழுதியிருந்தாலும் அது பொருட்டல்ல. வரிசை நிரலியினுடையது, நம்முடையதன்று.

நடந்தது இதுதான். கரையின் வீட்டுக்குள் அமைப்புக் கோப்பை எழுது, அதன் உடையவர் கரை என்று பட்டியல் சொல்கிறது. அந்தக் கணத்தில் கரை என்று எவரும் இல்லை. நிரலி கோப்பை எழுத இடம் வேண்டுமே என்று வீட்டை மூலவர் பெயரில் கட்டுகிறது. கோப்பை எழுதுகிறது. உடைமையைக் கரைக்கு மாற்றப் போகிறது. அப்படி ஒருவரை அறியேன் என்று இயங்குதளம் கைவிரிக்கிறது. கோப்பெழுதும் வேலை அங்கேயே நின்றுவிடுகிறது. அடுத்திருந்த எண் கோப்புக்கு முறை வரவே இல்லை. சற்றுப் பின்னர் பயனரை உருவாக்கும் வேலை வருகிறது. கரைக்குப் பெயர் கிடைக்கிறது. வீடு கட்டப்போனால் அங்கே ஏற்கெனவே வீடு நிற்கிறது. சரி, இருக்கிறது என்று அது நகர்ந்துவிடுகிறது. நிற்கும் வீடு யார் பெயரில் என்று அது கேட்பதில்லை. ஒவ்வொருவரும் தத்தம் வேலையை விதிப்படி செய்திருக்கிறார்கள். அலுவலகங்களில் நாம் காணாத காட்சியா இது?

இன்னொரு கேள்வி எஞ்சியிருந்தது. இரண்டு ஆண்டுகள் இதே பட்டியல் எப்படி ஓடியது? பழைய அச்சைத் தோண்டிப் பார்த்தோம். அதைத் தயாரித்தவர் சோதனைக்காகவோ வசதிக்காகவோ கரை என்ற பயனரை அச்சுக்குள்ளேயே வைத்திருந்தார். அதனால் கோப்பெழுதும் வேலை வரும்போதே கரை இருந்தான், வீடு இருந்தது, பட்டா இருந்தது. பின்னர் பயனரை உருவாக்கும் வேலை வந்து, இவர் ஏற்கெனவே இருக்கிறார் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனது. பிழை முதல் நாளிலிருந்தே பட்டியலில் இருந்தது. முன்பே இருந்தவருக்கு அது பிழையாகத் தெரியவில்லை. பெயரில்லாமல் புதிதாக ஒருவர் வந்தபோதுதான் தெரிந்தது.

*

இந்த வகைச் சிக்கல்களுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. எல்லாம் ஒரே ஒரு முறை, பிறந்த கணத்தில், நாம் உடனில்லாதபோது நடந்து முடிந்துவிடுகின்றன. பயனர் உருவாக்கம் ஒரு வழங்கியின் வாழ்நாளில் முதல் துவக்கத்தில் மட்டும் நிகழும். பட்டியலைத் திருத்திவிட்டு வழங்கியை அணைத்து எழுப்பினால் அது திருத்தத்தைக் கண்டுகொள்ளாது. என் எண் பழைய எண்தானே, எனக்கு எல்லாம் செய்தாயிற்றே என்று சும்மா இருந்துவிடும். நினைவைத் துடைத்து மீண்டும் பிறக்கச் செய்யவேண்டும். பட்டியலின் முதல் வரியில் 'கிளவுட்-கான்ஃபிக்' என்ற அடையாளம் இல்லையென்றால் முழுப் பட்டியலும் வெறும் காகிதம். பயனர்களை வரிசையாகச் சொல்லும்போது இயல்பான பயனரும் வேண்டும் என்று தனியே குறிப்பிடாவிட்டால் அவர் உருவாகவே மாட்டார். நம் பயனரிலும் பிழை இருந்தால், உள்ளே நுழைய ஆளில்லாத வீடாக அது நிற்கும். எங்கள் பட்டியலை எழுதியவர் அந்த ஒரு சொல்லை மறக்காமல் சேர்த்திருந்தார். அன்று நாங்கள் நாலரை மணிக்குச் சேதி அனுப்பியது அதனால்தான். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முடிந்த காரியத்தில் அது செய்யப்பட்ட வரிசை தெரியாது. மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுக்கு முன்னால் நின்று வியக்கலாம். எங்கே உளி முதலில் விழுந்தது என்று கண்டுகொள்ள முடியாது. தருமராச ரதத்தில் மேல்தளங்கள் நிறைவுற்றிருக்க அடித்தளம் அரைகுறையாக நிற்கிறது. மேலிருந்து கீழாகச் செதுக்கினார்கள் என்பதை அந்தக் குறைதான் நமக்குச் சொல்கிறது. பிடாரி ரதங்களும் வலையன்குட்டை ரதமும் நிறைவுறாதவையே. நிறைவுறாத குடைவரைகளில் பாறை முகப்பைக் கட்டம் கட்டமாக வகுத்து, கோடுகளை ஆழப்படுத்தி, இடைப்பட்ட துண்டுகளை உடைத்தெடுத்த முறையை இன்றும் காணலாம். சுற்றுலா வருபவர்கள் இவற்றைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுவார்கள். பிழை தேடுபவனுக்கு இவையே பாடநூல். நின்றுபோன இடத்தைப் பார், அதற்கு முன் என்ன முடிந்திருக்கிறது என்று பார், எது தொடங்கவே இல்லை என்று பார். எங்கள் வழங்கியிலும் எழுதப்பட்ட முதல் கோப்புக்கும் எழுதப்படாத இரண்டாம் கோப்புக்கும் இடையில்தான் விடை இருந்தது.

*

இதை எழுதும்போது நான் இருக்கும் மண்ணின் பழைய வழக்குகள் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. யாருக்கு எந்த உரிமை என்று இந்தியாவில் மிக விரிவாகத் தர்க்கம் நடந்த நிலப்பகுதிகளில் ஒன்று பழைய செங்கல்பட்டுச் சீமை. கம்பெனியின் கைக்கு இது வந்தபின் அதிகாரிகளைக் குழப்பிய சொல் மிராசு. திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816-இல் சொன்னவராக, குறளுக்கு உரை எழுதியவராக நாம் அறிந்த எல்லிஸ், மிராசு உரிமை பற்றிய கேள்விகளுக்கு எழுதிய பதில்கள் 1818-இல் அச்சாயின. ஊரில் காணியாட்சி உடையவர். அவருக்குக் கீழே ஊருக்குள் குடியிருந்து உழும் உள்குடி. வெளியூரிலிருந்து வந்து ஆண்டுக்காண்டு ஒப்பந்தத்தில் உழும் புறக்குடி. 1970களில் யூனிக்ஸ் இயங்குதளத்தை எழுதியவர்கள் ஒவ்வொரு கோப்புக்கும் உடையவர், குழு, பிறர் என்று மூன்று வகை உரிமை வைத்தார்கள். அவர்களுக்குத் தொண்டை மண்டலம் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் மனிதர்கள் உரிமையைப் பகுக்க உட்கார்ந்தால் எங்கேயும் ஏறத்தாழ இந்த மூன்று கோடுகளையே போடுகிறார்கள் போலும்.

இந்த மூன்றுக்கும் வெளியே இருந்தவர்களைப் பற்றிச் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். தாழ்த்தப்பட்ட மக்கள் தரிசு நிலம் கேட்டு விண்ணப்பித்தால், அதே நிலத்தின் மீது மிராசுதாரர்களுக்கு முன்னுரிமை இருந்ததால் விண்ணப்பம் பயனற்றுப் போவதையும், அவர்கள் குடியிருந்த மனையே அவர்களுடையதாக இல்லாததால் எந்நேரமும் வெளியேற்றப்படும் அச்சத்தில் வாழ்ந்ததையும் அவர் எடுத்துக்காட்டினார். 1892-இல் பிறந்த அரசாணை அம்மக்களுக்கு நிலம் ஒதுக்க வழிசெய்தது. அதுவே பஞ்சமி நிலம். ஆணை வந்தது, நிலமும் ஒதுக்கப்பட்டது. காலப்போக்கில் பல இடங்களில் அது வேறு கைகளுக்குப் போயிற்று. மாமல்லபுரத்துக்கு வடமேற்கே திருப்போரூர் வட்டாரத்தில் உள்ள காரணையின் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள் மீது 1994 அக்டோபர் 10-ஆம் தேதி செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தனர்.

ஒரு வழங்கியின் கோப்புறையையும் இரண்டு மனித உயிர்களையும் ஒரே தட்டில் வைக்க நான் வரவில்லை. வைப்பவன் மூடன். நான் சொல்ல வருவது விதிகளைப் பற்றியது. ஒரு விதி சரியாக இருக்கிறதா என்பதை ஏற்கெனவே உள்ளே இருப்பவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. அவருக்கு எல்லாம் சரியாகவே நடக்கும். அவர் பெயர் பதிவேட்டில் முன்பே இருக்கிறது. விதி அவரைத் தொட்டு, இருக்கிறார் என்று எழுதிவிட்டு நகரும். புதிதாக வருபவருக்கு அதே விதி பெயரைத் தரும், வீட்டைக் காட்டும், உள்ளே நுழையவும் விடும்; பட்டாவைத் தராது. அவர் வந்து முறையிட்டால், வீடு இருக்கிறதே, பெயர் இருக்கிறதே, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்கும். திரமென்ஹீர் கண்டதில் பாதி, விதிகள் மீறப்பட்ட கதையன்று. விதிகள் ஒழுங்காகப் பின்பற்றப்பட்ட கதை. விண்ணப்பம் வாங்கப்பட்டது, முன்னுரிமை உள்ளவரிடம் கேட்கப்பட்டது, கோப்பு மூடப்பட்டது. யாரும் எதையும் மாற்றவில்லை. பிறக்கும்போதே அப்படித்தான் பிறந்திருந்தது.

*

எங்கள் சிக்கலுக்குத் தீர்வு மிக எளியது. கிளவுட்-இனிட்டை எழுதுபவர்களுக்கும் இந்த வரிசைத் தொல்லை தெரிந்தே இருந்தது. 2021-இல் அவர்கள் ஒரு வசதியைச் சேர்த்திருந்தார்கள். எந்தக் கோப்பின் குறிப்பில் 'டிஃபர்' என்ற சொல்லைச் சேர்க்கிறோமோ அந்தக் கோப்பு தன் முறைக்குக் காத்திருந்து, பயனர்கள் எல்லாம் உருவான பிறகு, கடைசிக் கட்டத்தில் எழுதப்படும். பொறு என்று பொருள். அந்த ஒரு சொல்லை இரண்டு கோப்புகளுக்கும் சேர்த்தோம். முதலில் பெயர், பிறகு வீடு, பிறகு வீட்டுக்குள் பொருள்கள். பெயரில்லாதவர் பேரில் எதையும் எழுதிவைக்க முடியாது.

அதைவிடப் பயனுள்ள மாற்றம் வேறொன்று. புயலோ இல்லையோ, மாதம் ஒருமுறை ஒன்றுமில்லாத அச்சிலிருந்து ஒரு புது வழங்கியை எழுப்புகிறோம். எங்களில் எவர் பெயரையும் அறியாத, எந்த முன்னுரிமையும் இல்லாத வழங்கி. அதன் வழியாக எங்கள் ஐந்தாறு பேர் தொலைபேசிக்கு மட்டும் ஒரு சேதி அனுப்பிப் பார்த்துவிட்டு அழித்துவிடுகிறோம். சில ரூபாய்தான் செலவு. முதலில் சில மாதங்கள் ஏதோ ஒன்று தட்டிற்று. ஒவ்வொன்றும் பழைய வழங்கியில் கண்ணுக்குப் படாத சிறு பிழை. இப்போதெல்லாம் பெரும்பாலும் தட்டுவதில்லை. என்றாலும் நிறுத்தவில்லை. ஓடிக்கொண்டிருப்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்து நிம்மதி அடைவது எளிது. அந்த நிம்மதிக்கு ஆதாரம் கிடையாது.

2024 நவம்பர் இறுதியில் ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது புது வழங்கி ஒன்றை எழுப்பவேண்டி வந்தது. அன்று சகோதரி மகள் அலுவலகத்தில் இருந்தாள்; குழுவில் சேர்ந்து இரண்டே வாரம் ஆன கல்லூரி மாணவர் ஒருவர்தான் கணிப்பொறி முன் இருந்தார். யாரையும் கேட்காமல் அவரே பட்டியலைக் கொடுத்து எழுப்பி, சேதி போகத் தொடங்கிய பிறகு எனக்குத் தொலைபேசியில் சொன்னார். பட்டியலின் முதல் வரிக்கு அடுத்து, நிரலி படிக்காத, மனிதர் மட்டும் படிக்கும் குறிப்பாக இரண்டு கேள்விகளை அவள் தமிழில் எழுதி வைத்திருக்கிறாள். அவற்றைப் படித்துச் சரிபார்த்துவிட்டுத்தான் சேதியைத் தொடங்கினேன் என்றார் அந்த மாணவர்.

புதியவர் உள்ளே வந்துவிட்டாரா? வீடு அவர் பெயரில் இருக்கிறதா?